‘ஈசிஎம் போயிடுச்சு’ என்று சொல்லிவிட்டார்களா?

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். எட்டு வருடமான பெட்ரோல் கார். சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மீட்டர் பலகையில் செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. கோளாறு படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மிடமிருந்து பதில் இல்லை. முதலில் பார்த்த இடத்தில் “ஈசிஎம் போயிடுச்சு, புதுசு போடணும்” என்று சொல்லி, அவருடைய பென்ஷனில் பாதி வருடத்தை விழுங்கும் தொகை ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார்கள். “தம்பி, மாத்தித்தான் ஆகணுமா? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

அன்று மாலையே அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஈசிஎம்மை நான் கழற்றக்கூட இல்லை. என்ன கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது, எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கார் வைத்திருக்கும் எல்லாரும் இந்த அளவுக்காவது தெரிந்துகொண்டால் நல்லது என்பது என் ஆசை. நன்றாக இருக்கும் ஈசிஎம்மை மாற்றிவிட்டு, பழைய கோளாறோடு வண்டியைத் திரும்ப வாங்கிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டிக்கு என்ன வேலை?

சிலர் ஈசிஎம் என்பார்கள், சிலர் ஈசியூ என்பார்கள், பழைய மெக்கானிக்குகள் வெறுமனே ‘கம்ப்யூட்டர்’ என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். சின்ன டிஃபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி, உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, பக்கவாட்டில் வயர்களை மாட்டும் ஒன்றிரண்டு பெரிய கப்லர். அந்தக் கப்லர்களில் எல்லாம் சேர்த்து நூறு பின்னுக்கு மேல் இருப்பது சாதாரணம். சில கார்களில் பானெட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் டேஷ்போர்டுக்கு அடியில், முன்சீட்டில் உட்காருபவரின் கால்மாட்டில் இருக்கும்.

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோலையும் காற்றையும் சின்னச் சின்னத் துளைகள் அளந்து கலந்தன. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் பார்த்துக்கொண்டது. புகை விதிகள் இறுக இறுக அந்தத் துல்லியம் போதாமல் போனது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் பெட்ரோல் தெளிப்பு முறையைக் கொண்டுவந்து ஃபோக்ஸ்வாகன் காரில் பொருத்தியது. அதே நிறுவனம் 1979-இல் பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே பெட்டி கவனிக்கும் மோட்ரானிக்கை பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வைத்தது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் 2000-ஐ ஒட்டித்தான் கார்புரேட்டர் போய், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வந்தது. அன்றிலிருந்து இப்படி வந்த ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் இந்தப் பெட்டி உண்டு.

அதன் வேலைப்பளுவை ஒரு கணக்கில் காட்டிவிடலாம். வண்டி 3000 ஆர்பிஎம்மில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக நொடிக்கு 100. ஒவ்வொன்றுக்கும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழ வேண்டும் என்று ஈசிஎம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

கணக்குக்கு வேண்டிய விவரத்தைச் சென்சார்கள் தருகின்றன. பல கார்களில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். 60 பல் இருக்க வேண்டிய வட்டத்தில் இரண்டை விட்டுவிட்டு 58 பல் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கிராங்க் சென்சாரைக் கடக்கும்போது எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசிஎம் பிடித்துக்கொள்ளும். கூலன்ட் சூட்டை ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை ஒன்று, ஆக்சிலரேட்டர் மிதியை ஒன்று, சைலன்சர் பக்கம் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை ஒன்று என்று ஆளுக்கொரு செய்தி வந்துகொண்டிருக்கும்.

வெளியே போகும் உத்தரவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னால் உதவும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவி போட்டதும் இன்ஜெக்டரின் ஒரு பக்கத்தில் 12 வோல்ட் வந்து நின்றுவிடும். ஈசிஎம் மறுபக்கத்தை எர்த்தோடு, அதாவது பேட்டரி மைனஸுக்குப் போகும் வழியோடு, சேர்ப்பதும் விடுவதுமாக இருக்கும். சேர்த்தால் இன்ஜெக்டர் திறக்கும், விட்டால் மூடும். சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்சுகளான ரிலேக்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. இந்தச் சேர்க்கும், விடும் வேலையைச் செய்வது போர்டில் இருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள். நிஜமாகவே ஈசிஎம் கெட்டுப்போகும்போது முதலில் போகிறவற்றில் இவையும் உண்டு.

விசாரணை பேட்டரியில் தொடங்கும்

ஈசிஎம் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன்னால், அதற்குச் சாப்பாடு போனதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாப்பாடு கரண்ட்டும் எர்த்தும். ஒரு கரண்ட் லைன் பேட்டரியிலிருந்து நிரந்தரமாக வரும். இன்னொன்று சாவி போட்ட பிறகு மெயின் ரிலே வழியாக வரும். எர்த் வயர்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று இருக்கும். இவற்றில் ஒன்று போனாலும் பெட்டி செத்ததுபோலத்தான் கிடக்கும்.

வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை மலிவானதே போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது இறங்கும், 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் கவலையில்லை. எட்டு, ஏழு என்று விழுந்தால் செல்ஃப் சுற்றினாலும் ஈசிஎம் மயங்கிவிடும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது ஈசிஎம் போட்டால் அதுவும் போகும்.

அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று வைத்துவிடாமல் மீட்டரால் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். மெயின் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே வகையாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

கப்லரைக் கழற்றிக் கரண்ட் வரும் பின்னில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ‘கரண்ட் வருது, ஆனா வேலை செய்யல, அப்ப ஈசிஎம்தான்’ என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. மீட்டர் வயரிலிருந்து கரண்ட்டைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. வயருக்குள் இருக்கும் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் காட்டும். ஆனால் அந்த ஓர் இழையால் ஈசிஎம்முக்கு வேண்டிய ஆம்பியரைச் சுமக்க முடியாது. அதனால் நான் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன். ஈசிஎம் கப்லரைக் கழற்றிவிட்டு, கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அந்த 21 வாட் பல்பை மாட்டுவேன். பளிச்சென்று எரிந்தால் அந்த இரண்டு வயரும் நல்ல வயர். மங்கினால் ஏதோ ஒன்று சரியில்லை. இந்தப் பல்பைக் கப்லர் கழற்றிய நிலையில், கரண்ட், எர்த் வயர்களில் மட்டும் மாட்ட வேண்டும். ஈசிஎம் மாட்டியிருக்கும்போது சென்சார் வயரில் வைத்தால் நாமே பெட்டியைக் கெடுத்துவிடுவோம்.

எர்த்தைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கப்லரை மாட்டியபடியே, மீட்டரின் ஒரு முனையை ஈசிஎம்மின் எர்த் வயரில் பின்பக்கமாகத் தொடுங்கள், மறுமுனையைப் பேட்டரியின் மைனஸில் வையுங்கள். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் நடுவில் எங்கோ துருவோ தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. மழைக்காலத்தில் பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முறுக்கியதிலேயே சரியான கார்களின் கணக்கு எனக்கே மறந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் இது இன்னும் அதிகம்.

கப்லரின் முகத்தில் மீட்டரின் தடித்த ஊசியைக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு விரிந்துவிட்டால் பிறகு பின்னைப் பிடிக்காது, புதுக் கோளாறு ஒன்று பிறந்துவிடும். பின்பக்கமிருந்து மெல்லிய ஊசியை வயரை ஒட்டி நுழைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்லர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொட வேண்டாம். அது ஏர்பேக்குடையது.

ஆசிரியையின் காரில் நடந்தது

அவர் காரில் கரண்ட் சரியாக இருந்தது, எர்த் சரியாக இருந்தது, பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் பெட்டி பேசவில்லை. இந்த நிலையில் பலரும் ஈசிஎம்மின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி.

சென்சார்கள் பலவற்றுக்கு வேலை செய்ய 5 வோல்ட் வேண்டும். வரும் 12 வோல்ட்டை ஈசிஎம் உள்ளேயே 5 ஆக்கி, அதை ஒரு பொதுக் குழாய்போல வெளியே அனுப்பும். த்ராட்டில், காற்றழுத்தம், ஆக்சிலரேட்டர் மிதி, ஏசி கேஸ் அழுத்தம் என்று பல சென்சார்கள் அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும். தெருக்குழாயில் ஒரு வீட்டு இணைப்பு உடைந்து கொட்டினால் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? ஏதாவது ஒரு சென்சாரோ அதன் வயரோ இந்த 5 வோல்ட்டை எர்த்தோடு சேர்த்துவிட்டால், அதே லைனில் இருக்கும் எல்லாமே விழுந்துவிடும். சில கார்களில் ஈசிஎம்மே எழுந்திருக்காது, செக் எஞ்சின் விளக்கும் எரியாது, ஸ்கேனருக்கும் பதில் வராது. செத்த ஈசிஎம்முக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சாவியைப் போட்டு ஒரு சென்சாரின் கப்லரில் அளந்தேன். 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.2. மீட்டரை அங்கேயே மாட்டி வைத்துவிட்டுச் சென்சார் கப்லர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஐந்தாவதாக ஏசி பிரஷர் சென்சார். அதைக் கழற்றியும் மாறவில்லை. அந்தச் சென்சாருக்குப் போகும் வயரைப் பிடித்து அசைத்தேன், மீட்டர் 5-க்கு ஏறியது. மீட்டர் பலகையில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. சில மாதங்களுக்கு முன் முன்பம்பர் வேலை நடந்தபோது அந்த வயரைக் கிளிப்பில் மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். அது ரேடியேட்டர் தாங்கியின் இரும்பு விளிம்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏசி வயர் உரசினால் எஞ்சின் பிடிக்காது என்று யாருக்குத் தோன்றும்? வயரை வெட்டி ஒட்டி, உறை போட்டு, கிளிப்பில் மாட்டினேன். அந்த 5 வோல்ட் பகுதி பொதுவாகத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். ஷார்ட் நீங்கியதும் எழுந்துகொண்டது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களுக்கு, வண்டி தன் கோளாறைத் தானே பதிந்துவைக்கும் ஓபிடி-2 முறை வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும், அதில்தான் ஸ்கேனர் மாட்டுவது. 16-ஆம் பின்னில் பேட்டரி கரண்ட், 4-லும் 5-லும் எர்த். ஸ்கேனர் உயிர் பெறவே இல்லை என்றால் அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் போயிருக்கலாம். சில கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான். போன் சார்ஜர் மாட்டி ஃபியூஸ் போனதை ‘கம்ப்யூட்டர் டெட்’ என்று சொன்ன கதையும் உண்டு.

ஸ்கேனர் எரிகிறது, ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் பேசுகின்றன, எஞ்சின் மட்டும் பேசவில்லை என்றால் ஈசிஎம் பக்கம் தேட வேண்டும். யாருமே பேசவில்லை என்றால் எல்லாரும் பேசும் பொது வழியே அடைபட்டிருக்கிறது. அந்த வழிக்கு கேன் என்று பெயர், முறுக்கிய இரண்டு வயர்கள், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் அளந்தால் நல்ல வண்டியில் 60 காட்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

செக் எஞ்சின் விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஈசிஎம் விழிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். ஆனால் சில புதிய கார்களில் ஈசிஎம் பேசாவிட்டால் மீட்டர் பலகையே அந்த விளக்கை எரியவிடும். அதனால் விளக்கை மட்டும் நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

ஈசிஎம் பதிந்துவைக்கும் கோளாறு எண்களான கோட்களுக்கு வருவோம். எஞ்சின் தொடர்பானவை பி என்று தொடங்கும், பெட்டிகளின் பேச்சு தொடர்பானவை யு என்று தொடங்கும். பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட். கவனியுங்கள், ‘சென்சார் கெட்டது’ என்று கோட் சொல்வதில்லை, அந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சென்சார், வயர், கப்லர் மூன்றும் அதற்குள் அடக்கம். கோட்டைவிட லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் அனுப்பும் அளவுகள், எனக்கு அதிகம் உதவுகிறது. கூலன்ட் சூடு மைனஸ் 40 என்று காட்டினால் நம் ஊரில் அப்படி ஒரு குளிர் வர வழியே இல்லை. அந்தச் சென்சாரின் வயர் அறுந்திருக்கிறது அல்லது கப்லர் கழன்றிருக்கிறது. நிற்கும் வண்டியில் 130, 140 என்று காட்டினால் வயர் எர்த்தில் ஒட்டியிருக்கிறது. வந்த செய்தியை ஈசிஎம் நம்பிவிடும், அதற்கு வேறு கண் கிடையாது.

தன்னைப் பற்றியே ஈசிஎம் புகார் சொல்லும் கோட்களும் உண்டு. பி0601 மெமரி கணக்கு ஒத்துவரவில்லை என்கிறது, பி0604 ராம் மெமரிக் கோளாறு, பி0606 புராசஸர் கோளாறு. இவை வந்தால் நான் உடனே நம்புவதில்லை. பேட்டரி வீக்காக இருந்தாலும் இவை எட்டிப்பார்க்கும். கரண்ட்டும் எர்த்தும் சரி என்று உறுதிசெய்து, கோட்டை அழித்து, மறுபடியும் அதே கோட் வந்தால் அப்போது பெட்டியைச் சந்தேகப்படுவேன்.

நிஜமாகவே போனது எப்படித் தெரியும்

இன்னொரு கார். மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் வெடிப்பு சரியாக நடக்கவில்லை. வேறிடத்தில் பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலை இரண்டு தடவை மாற்றியும் சரியாகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் இடம் மாற்றிப் பார்ப்பதைப்போல எளிய சோதனை வேறில்லை. மூன்றாவது காயிலை இரண்டாவதில் போடுங்கள். மிஸ் இரண்டாவதுக்கு நகர்ந்தால் காயில்தான் காரணம். மூன்றாவதிலேயே நின்றால் காயிலுக்குச் சம்பந்தமில்லை. பிளக்கையும் இன்ஜெக்டரையும் இப்படியே மாற்றிப் பார்க்கலாம். இந்தக் காரில் மிஸ் எதற்கும் நகரவில்லை. காயில் கப்லரில் கரண்ட் இருக்கிறது, ஈசிஎம்மிலிருந்து வர வேண்டிய உத்தரவு மட்டும் வரவில்லை. கப்லருக்கும் ஈசிஎம் பின்னுக்கும் நடுவே வயரைப் பல்பு வைத்துச் சோதித்தேன், நல்ல வயர். மற்ற மூன்று சிலிண்டருக்கும் உத்தரவு போகிறது. இதற்கு மேல் சந்தேகப்பட வேறொன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது அந்தக் காயிலை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் கருகியிருந்தது.

அது ஏன் கருகியது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. முதலில் கழற்றிப் போட்ட பழைய காயிலை வாங்கி அளந்தேன், உள்ளே ஷார்ட். அது இழுத்த அதிகக் கரண்ட்தான் டிரைவரைக் கொன்றிருக்கிறது. காரணத்தை வண்டியிலேயே விட்டுவைத்துப் புதுப் பெட்டி போட்டால் சாவியைத் திருகும் அந்த நொடியிலேயே அதுவும் போய்விடலாம்.

வேறு காரணங்களும் நம்மூரில் நிறைய. பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது, ஜம்ப் ஸ்டார்ட்டில் ப்ளஸ் மைனஸ் மாறிப்போவது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது. ரிமோட் லாக், கூடுதல் ஹார்ன் மாட்டும்போது ஈசிஎம் வயரைச் சீவி அதில் சுற்றிவிடுவதும் ஒன்று. எலி கடிப்பதைச் சொல்லவே வேண்டாம், அதில் பெரும்பாலும் வயர்தான் போகும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

தண்ணீர் தனிக் கதை. வேப்பமரத்தடியில் நிறுத்தும் கார்களில் வைப்பருக்குக் கீழே இலை அடைத்து, மழைநீர் வழியின்றிக் கால்மாட்டுக்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. நனைந்த போர்டைவிட, நனைந்த நிலையில் கரண்ட் ஓடும் போர்டுதான் வேகமாகச் சாகும். ஈரத்தில் கரண்ட் ஓடினால் செம்பு அரித்துப் பச்சை பூத்துவிடும். எனவே தண்ணீரில் நின்ற காரில் சாவியைப் போடவே போடாதீர்கள். ‘ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம்’ என்ற ஒரு திருகல் எஞ்சினையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டத்தைப் போட்டோ எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். முழு இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதத்துக்கு இடம் உண்டு. ஈசிஎம் தானாகக் கெட்டால் எலக்ட்ரிகல் பழுது என்று சாதாரணப் பாலிசி ஒதுக்கிவிடும்.

மாற்றுவது: பல்பு மாற்றுவதுபோல் இல்லை

சரி, பெட்டி போனது உறுதி. அதே மாடல் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினால் ஓடுமா? பெரும்பாலும் ஓடாது.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில் வளையம் அந்தச் சிப்பின் ரகசிய எண்ணைப் படிக்கும். எண் ஒத்துப்போனால்தான் ஈசிஎம் பெட்ரோலும் பொறியும் விடும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். வேறு காரின் ஈசிஎம் அந்தக் காரின் சாவியைத்தான் அறியும், உங்கள் சாவியைத் திருடனின் சாவியாகவே பார்க்கும். மீட்டர் பலகையில் சாவிப் படம் விட்டுவிட்டு மின்னினால் இந்தக் கோளாறுதான். பெட்டி மாற்றாத காரிலும் இந்தப் படம் மின்னுவதைப் பார்த்து ஈசிஎம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். முதலில் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

வழிகள் சில உண்டு. கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி வாங்கினால் அதில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. உங்கள் வண்டியின் சேசிஸ் எண், சாஃப்ட்வேர், சாவி எல்லாவற்றையும் அவர்களுடைய கருவியால் ஏற்ற வேண்டும். விலை அதிகம், ஆனால் வண்டி வாரண்டியில் இருந்தால் யோசிக்காமல் இதுதான். சென்னையில் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய பெட்டி கிடைக்கும். அதில் லேபிளில் இருக்கும் எண் ஒவ்வோர் எழுத்தும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே மாடலில் ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று, கியர் வண்டிக்கு ஒன்று, பிஎஸ்-4 புகை விதிக்கு ஒன்று, பிஎஸ்-6-க்கு ஒன்று என்று வேறுபடும். கப்லர் பொருந்துவதை வைத்து ஏமாறக் கூடாது. பில் கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டியின் பொருளாக இருந்துவிடக் கூடாது.

பழைய பெட்டி வாங்கினால் நான் செய்வது குளோனிங். கெட்டுப்போன பெட்டியின் மெமரி சிப்பில் இருப்பதை அப்படியே படித்து, வாங்கிய பெட்டியில் எழுதுவது. எழுதிய பிறகு அது உங்கள் பழைய பெட்டியாகவே மாறிவிடும், சாவியும் பழைய சாவியே போதும். டிரைவர் டிரான்சிஸ்டர் கருகிய அந்தக் கார் இப்படித்தான் சரியானது. டிரைவர்தான் போயிருந்தது, மெமரி நன்றாக இருந்தது. அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கெட்டுப்போன ஈசிஎம்மை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அதற்குள் உங்கள் வண்டியின் ரகசியம் முழுக்க இருக்கிறது. அதைத் தெரியாதவர் திறந்து நோண்டுவதற்கு முன்னால் டேட்டாவைப் படித்து வைத்துவிட வேண்டும். போர்டு ரிப்பேர் தெரிந்தவர் கிடைத்தால் அந்த டிரைவரை மட்டும் மாற்றிப் பழைய பெட்டியையே ஓட்டவும் முடியும்.

மாட்டும் வேலை எளிது. பேட்டரி மைனஸைக் கழற்றி ஒரு பத்து நிமிடம் விடுங்கள். பெட்டியைத் தொடும் முன் வண்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் போகட்டும். கப்லரில் லீவர் பூட்டு இருக்கும், அதை முழுக்கத் திருப்பினால் தானாக வெளியே வரும், இழுக்கத் தேவையில்லை. உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் புகாத ரப்பரை அதன் இடத்தில் வையுங்கள்.

புரோகிராம் ஏற்றும்போது பேட்டரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாஃப்ட்வேர் ஏறப் பல நிமிடங்கள் ஆகும். நடுவில் வோல்டேஜ் விழுந்தால் பாதி எழுதிய பெட்டி பயனற்றுப்போகும். நிலையாக 13 வோல்ட்டுக்கு மேல் தரும் சப்ளையை மாட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அதைச் செய்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

டீசல் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. காமன் ரெயில் இன்ஜெக்டர் பலவற்றின் தலையில் ஒரு கோட் அச்சடித்திருக்கும், அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ தெளிக்கிறது என்பதன் அளவு அது. குளோனிங் செய்யாமல் புதுப் பெட்டி போட்டால் நான்கையும் வரிசைப்படி ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடிலில் தடதடக்கும், புகை வரும். பெட்ரோலில் த்ராட்டிலைக் கற்றுக்கொள்ள வைக்க வேண்டியிருக்கும், முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் சில நாட்கள் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம்.

நான் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். வந்ததும் மறுபடி ஸ்கேன் போட்டு, கோட் ஏதும் சேர்ந்திருக்கிறதா, சார்ஜிங் எத்தனை வோல்ட், எர்த்தில் எவ்வளவு இழப்பு என்று பார்த்து, அந்த எண்களைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த தடவை வேறு எந்தப் பட்டறைக்குப் போனாலும் அங்கே பார்ப்பவருக்கு அந்த எண்கள் உதவும். பழைய பெட்டியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே வண்டி எண்ணும் தேதியும் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.